காரும் காற்றும்: டெல்டா சாலைகளில் ஓட்டுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆனி, ஆடி மாதங்களில் திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குக் கிழக்கே போகும் கார் நல்ல மைலேஜ் காட்டும். திரும்பி வரும்போது அதே கார், அதே ஆட்கள், அதே 80 கி.மீ. வேகம், ஆனால் மைலேஜ் சரிந்திருக்கும். பெட்ரோல் பங்கைச் சந்தேகிப்பதற்கு முன்னால் மேற்கிலிருந்து வீசும் காற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் சொல்வது சாலையை வைத்துப் பார்த்த வேகம். காரைப் பிடித்து இழுப்பதோ காற்றை வைத்துப் பார்த்த வேகம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், கார் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது, கடையில் விற்கும் எந்தப் பாகம் வீண், எது வேலை செய்யும் என்பதெல்லாம் தானாகப் புரியத் தொடங்கும்.

முதலில் கணக்கு

காற்றுத்தடை நான்கு எண்களின் பெருக்கல்: காற்றின் அடர்த்தியில் பாதி, காரின் இழுவைக் கெழு, முகப்புப் பரப்பு, காற்று வேகத்தின் வர்க்கம்.

டெல்டா கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளி. 35 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.15 கிலோ இருக்கும். மார்கழி விடியலில் அது 1.19-ஐத் தொடும். அந்த மூன்று நான்கு சதவீதம் பெரிய விஷயமில்லை, விட்டுவிடலாம்.

முகப்புப் பரப்பு என்பது காரை நேர் எதிரே நின்று பார்த்தால் தெரியும் நிழலின் அளவு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடிகளை விட்டுவிட்டு அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி, அதை 0.83-ஆல் பெருக்கினால் போதுமான அளவு சரியான விடை வரும். 1.68 மீட்டர் அகலம், 1.50 மீட்டர் உயரம் உள்ள ஹேட்ச்பேக்குக்கு 2.1 சதுர மீட்டர்.

இழுவைக் கெழு வடிவத்தின் மதிப்பெண். இதில் குறைந்த மதிப்பெண் எடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம். இன்றைய ஹேட்ச்பேக்குகள் பெரும்பாலும் 0.30 முதல் 0.35 வரை, செடான்கள் 0.30-க்குக் கீழே, பெட்டி போன்ற எஸ்யூவிகள் 0.35-க்கு மேலே. மெர்சிடிஸ் இக்யூஎஸ் 0.20 வரை இறங்கியிருக்கிறது. இந்த எண்ணை மட்டும் விளம்பரத்தில் பார்த்து மயங்கக் கூடாது. 0.30 கெழு உள்ள பெரிய எஸ்யூவி, 0.33 உள்ள சின்ன ஹேட்ச்பேக்கை விட அதிகக் காற்றைத் தள்ளும். கெழுவையும் பரப்பையும் பெருக்கிய விடைதான் உண்மையான எண்.

மேலே சொன்ன ஹேட்ச்பேக்குக்குக் கெழு 0.33 என்று வைத்துக்கொண்டால், காற்று அசையாத நாளில் வரும் விசையும் அதைச் சமாளிக்கத் தேவையான சக்தியும் இப்படி:

60 கி.மீ. வேகத்தில் 110 நியூட்டன், 1.8 கிலோவாட்
80 கி.மீ. வேகத்தில் 196 நியூட்டன், 4.4 கிலோவாட்
100 கி.மீ. வேகத்தில் 306 நியூட்டன், 8.5 கிலோவாட்
120 கி.மீ. வேகத்தில் 441 நியூட்டன், 14.7 கிலோவாட்

வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, சக்தி எட்டு மடங்கு. இரண்டு பேர் ஏறிய 1,150 கிலோ காரின் டயர்கள் உருள்வதற்கு ஆகும் தடை சுமார் 135 நியூட்டன். அது வேகத்தோடு அதிகம் மாறாது. ஆகவே இந்தக் காருக்கு 66 கி.மீ. வேகம் வரை டயர்தான் பெரிய எதிரி, அதற்கு மேல் காற்று. கும்பகோணம் கடைத்தெருவில் ஊர்ந்துகொண்டிருக்கும் காருக்குக் காற்றியக்கவியல் (ஏரோடைனமிக்ஸ்) என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

இப்போது ஆடிக் காற்றைச் சேர்ப்போம். 25 கி.மீ. வேகக் காற்றை எதிர்த்து 80-இல் வந்தால் கார் உணர்வது 105. விசை 338 நியூட்டன். காற்றில்லாத நாளை விட 72 சதவீதம் அதிகம். அதே காற்று முதுகில் தட்டினால் கார் உணர்வது 55, விசை 93. போக வர இரண்டையும் கூட்டிச் சராசரி பார்த்தால் 215. அதாவது போகும்போது கிடைத்த லாபம் வரும்போது கொடுத்த நஷ்டத்தை ஈடுகட்டாது. வர்க்கம் என்ற ஒரே காரணத்தால்தான் இது.

காற்று காரைச் சுற்றிப் போகும் வழி

மூக்கு கூர்மையாக இருந்தால் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்பது பலரின் நம்பிக்கை. சாலைக் காரின் வேகத்துக்கு மூக்கு கூராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓரங்கள் உருண்டையாக இருந்தால் போதும். பம்பரின் மூலைகளும் பானட் விளிம்பும் வளைந்திருந்தால் காற்று ஒட்டிக்கொண்டு பக்கவாட்டுக்குத் திரும்பிவிடும். காற்றுத்தடையின் பெரும்பங்கு பிறப்பது பின்பக்கத்தில்தான்.

காரின் பின்னால் காற்று மறுபடியும் ஒன்றுசேர இடம் தேட வேண்டும். உடல் மெதுவாகச் சரிந்தால் காற்று ஒட்டியபடியே வரும். திடீரென்று முடிந்தால் பிய்த்துக்கொண்டு சுழலும். அந்தச் சுழல் பகுதியில் அழுத்தம் குறைவு. முன்னால் அழுத்தம் கூடுதல், பின்னால் குறைவு என்றால் காரைப் பின்னோக்கி உறிஞ்சுவது போலத்தான். 1921-இல் எட்மண்ட் ரம்ப்ளர் துளி வடிவத்தில் செய்த காரை 1979-இல் ஃபோக்ஸ்வாகன் காற்றுச் சுரங்கத்தில் (காற்றை வீசிச் சோதிக்கும் கூடம்) வைத்தபோது கெழு 0.28 வந்தது. நூறு ஆண்டுக்கு முந்தைய காருக்கு அது இன்றைய செடானின் மதிப்பெண். முழுத் துளியாகச் செய்தால் வால் மூன்று நான்கு மீட்டர் நீளும், நிறுத்த இடம் கிடைக்காது. துளியின் வாலைப் பாதியில் நறுக்கிவிட்டாலும் பலனில் பெரும்பங்கு மிஞ்சும் என்று 1930-களில் ஜெர்மனியில் வுனிபால்ட் கம் காட்டினார். இன்றைய ஹைபிரிட், மின்சாரக் கார்களின் உயர்ந்து வெட்டப்பட்ட பின்புறம் அங்கிருந்து வந்ததே.

பின்கண்ணாடியின் சரிவில் ஒரு பொறி இருக்கிறது. 1984-இல் வெளியான அகமது என்பவரின் எளிய சோதனை உருவம் இதைத் தெளிவாக்கியது. சரிவு சுமார் 12 டிகிரிக்குள் இருந்தால் காற்று ஒழுங்காக இறங்கும். அதற்கு மேல் கூடக்கூட இரு ஓரங்களிலும் முறுக்குச் சுழல்கள் பலமாகி, 30 டிகிரியை நெருங்கும்போது தடை உச்சத்துக்குப் போகும். 30-ஐத் தாண்டினால் காற்று மொத்தமாகப் பிரிந்து, தடை சட்டென்று குறையும். அதனால்தான் வடிவமைப்பாளர்கள் ஒன்று செடான், ஃபாஸ்ட்பேக் (கூரை பின்முனை வரை ஒரே சரிவாக இறங்கும் கார்) போல மெல்லச் சரிப்பார்கள், அல்லது ஹேட்ச்பேக், எஸ்யூவி போல கிட்டத்தட்ட நிமிர்த்தி வெட்டிவிடுவார்கள். இடைப்பட்ட சரிவைத் தேர்ந்தெடுப்பவருக்கு அழகு ஒன்றே காரணமாக இருக்கும்.

இதை வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். மழை ஓய்ந்த பின் வயலோர மண் சாலையில் ஹேட்ச்பேக்கை ஓட்டிவிட்டுப் பின்கண்ணாடியைப் பாருங்கள். சேறு கீழிருந்து மேலாக ஏறி, கண்ணாடியின் நடுவில் அடர்ந்தும் கூரை விளிம்புக்குக் கீழே ஒரு விரல்கடை மெலிந்தும் பூசியிருக்கும். டயர் கிளப்பிய சேற்றைச் சுழல் மேலே தூக்கிக் கண்ணாடியில் அப்பியிருக்கிறது. செடானின் பின்கண்ணாடியில் அவ்வளவு சேராது, காற்று அதை ஒட்டி ஓடுகிறது. ஹேட்ச்பேக், எஸ்யூவி வகைகளுக்குப் பின் வைப்பர் கொடுப்பது இதற்காக.

சக்கரங்கள் மொத்தத் தடையில் ஏறக்குறைய கால் பங்கைப் பிடிக்கின்றன. சுழலும் டயர் முன்வந்த காற்றைச் சிதறடித்து வீல் ஆர்ச்சுக்குள் தள்ளுகிறது. மின்சாரக் கார்களில் அலாய் வீல் பெரும்பாலும் மூடியபடி தட்டையாக வருவதும், முன் பம்பரின் ஓரங்களில் செங்குத்தான பிளவு வைத்து டயரின் வெளிப்பக்கத்தில் காற்றுத் திரை விடுவதும் இதற்குத்தான். அடிப்பாகம் இன்னொரு பெரிய கணக்கு: சைலன்சர், ஆக்சில், ஸ்பேர் வீல் குழி, குழாய்கள் என்று கரடுமுரடாக இருப்பதால் காற்று அங்கே தடுக்கித் தடுக்கிப் போகிறது. ரேடியேட்டருக்குள் புகும் காற்றும் சும்மா போவதில்லை. கூலிங் மட்டும் மொத்தத் தடையில் சுமார் 5 முதல் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும்.

தூக்குவதும் அழுத்துவதும்

கூரையின் மேல் காற்று வேகமாக ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைந்து காரை மேலே தூக்கப் பார்க்கும். தூக்கும் கெழு 0.2 என்றால் நம் ஹேட்ச்பேக்கில் 80 கி.மீ. வேகத்தில் சுமார் 12 கிலோ எடை குறைந்தது போல. 120-இல் 27 கிலோ. ஆயிரத்துச் சொச்சம் கிலோ காரில் இது ஓட்டுபவருக்குத் தெரியாது. ஆனால் வேகம் 200-ஐத் தொடும் நாடுகளில் தெரியும். 1998-இல் வந்த ஆடி டிடி-யின் உருண்டையான பின்புறம் ஜெர்மனியின் அதிவேகச் சாலைகளில் பின்சக்கரப் பிடியை இழக்கச் செய்து விபத்துகள் நடந்தபின், நிறுவனம் விற்ற கார்களைத் திரும்ப அழைத்து டிக்கி விளிம்பில் ஒரு சிறு ஸ்பாய்லரை (காற்றின் ஓட்டத்தை மாற்றும் பட்டை) பொருத்தியது.

பந்தயக் காரில் தலைகீழ்: காற்றை வைத்தே காரைத் தரையோடு அழுத்தப் பார்ப்பார்கள். 1966-இல் சப்பாரல் 2ஈ உயரமான இறக்கையோடு வந்தது. லோட்டஸ் 78, 1977-இல் காரின் அடியில் காற்றை வேகமாக ஓடவிட்டுக் காரையே தரையோடு உறிஞ்ச வைத்தது. 1983-இல் அடித்தட்டு தட்டையாக இருக்க வேண்டும் என்று ஃபார்முலா ஒன் விதி வந்து அதை நிறுத்தியது. 2022-இல் அந்த முறை திரும்பியபோது, கார்கள் நேர்ச் சாலையில் குதிரை போலத் துள்ளிய காட்சியை எல்லாரும் பார்த்தோம்.

இதைப் பார்த்துவிட்டு டபுள் டேப்பில் ஒட்டும் இறக்கையை வாங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. 1.2 மீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம் உள்ள நல்ல இறக்கை 80 கி.மீ. வேகத்தில் சுமார் 4 கிலோ அழுத்தும். அதற்கு டிக்கியில் ஒரு சின்னத் தண்ணீர்க் கேனை வைத்துவிடலாம். கூடவே தடையும் ஏறும். சித்திரை வெயிலில் டேப்பின் பசை இளகி, ஓடும் காரிலிருந்து பின்னால் வரும் பைக்காரர் மேல் அது விழுவதும் உண்டு. கூரை விளிம்பில் கம்பெனியே பொருத்தி அனுப்பும் சின்ன ஸ்பாய்லர் வேறு வகை: அது காற்று எங்கே பிரிய வேண்டும் என்று ஒரு கூர்மையான கோடு போட்டுக் கொடுக்கிறது. அதைக் கழற்ற வேண்டாம்.

சோதனை ஒன்று: நூல் ஒட்டிப் பார்த்தல்

தேவையானவை: கம்பளி நூல் ஒரு உருண்டை, காரின் நிறத்துக்கு மாறான நிறம், மாஸ்கிங் டேப், வீடியோ எடுக்கும் ஆளோடு இன்னொரு கார்.

1. காரைக் கழுவி ஈரம் போகத் துடைக்கவும். மெழுகு, பாலிஷ் இருந்தால் டேப் நிற்காது.

2. நூலை 8 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டவும். நீளமானால் அதுவே ஒன்றோடொன்று சிக்கி ஆடும், ஒன்றும் புரியாது. தையல் நூல் மெலிது, வீடியோவில் தெரியாது.

3. முன் நுனியில் மட்டும் டேப் ஒட்டி, 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக வைக்கவும். கூரையின் பின் பாதி, பின்கண்ணாடி, முன் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கதவு, பின்னால் வருவதைக் காட்டும் பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள ஜன்னல் கண்ணாடி ஆகியவை முக்கியம். ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும் இடத்தில் ஒட்டக் கூடாது.

4. விடியற்காலையில், காற்று அசையாதபோது, 60 கி.மீ. வேகத்தில் ஓட்டவும். நால்வழிச் சாலையில் பக்கத்துத் தடத்தில் வரும் காரின் பின்சீட்டிலிருந்து படம் எடுக்கலாம். ஓட்டுபவர் படம் எடுக்கக் கூடாது.

நூல் படுத்தபடி பின்னோக்கி இருந்தால் காற்று ஒட்டியிருக்கிறது. படபடவென்று ஆடினால் கொந்தளிப்பு. நின்றாலோ முன்னோக்கித் திரும்பினாலோ காற்று பிரிந்து சுழல்கிறது. ஹேட்ச்பேக்கின் பின்கண்ணாடியில் நூல்கள் மேல்நோக்கி நிற்பது இயல்பு. ஆனால் கூரையின் நடுவிலேயே நூல் ஆடினால் அதற்கு முன்னால் ஏதோ ஒன்று, கேரியர் கம்பியோ ஆன்டெனாவோ சரியாகப் படியாத பீடிங்கோ, காற்றைக் கலைக்கிறது.

சோதனை இரண்டு: நியூட்ரலில் உருளவிட்டு அளத்தல்

தஞ்சாவூர் முதல் கடற்கரை வரை சாய்வு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆயிரத்தில் ஒன்று என்ற சாய்வு நம் காரில் 11 நியூட்டன்தான் கூட்டும். மலைநாட்டில் இந்தச் சோதனைக்கு ஏற்ற சாலை தேடி அலைய வேண்டும். இங்கே ஆற்றுப் பாலத்தின் ஏற்ற இறக்கத்தைத் தவிர்த்தால் போதும்.

அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயும் இடங்களையும், டிராக்டர், கதிர் அறுக்கும் இயந்திரம் திரும்பும் வழிகளையும் தவிர்க்கவும். பின்னால் வண்டி வந்தால் அந்த முயற்சியை விட்டுவிட வேண்டும். சாலைப் பலகையில் உள்ள வேகத்தைத் தாண்டக் கூடாது.

1. டயர்களில் கம்பெனி சொன்ன காற்றை, டயர் ஆறியிருக்கும்போது நிரப்பவும். 20 நிமிடம் ஓட்டிச் சூடேற்றவும். ஆறிய டயரும் கியர் ஆயிலும் தடையைக் கூட்டிக் காட்டும்.

2. ஜன்னல்களை மூடவும். காரையும் ஆட்களையும் சேர்த்து எடையைக் குறித்துக்கொள்ளவும். நெல் அரவை மில்லில் உள்ள எடைமேடையில் ஏற்றினால் சரியான எண் கிடைக்கும்.

3. போனில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் செயலியைத் திறந்து, பக்கத்தில் உட்காருபவர் அதை வீடியோ எடுக்கட்டும். ஸ்பீடோமீட்டர் பெரும்பாலும் கூட்டியே காட்டும், நம்ப வேண்டாம்.

4. 85 வரை போய் நியூட்ரலுக்குத் தள்ளவும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாவியை அணைத்தால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் போகும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

5. 80-இலிருந்து 70-க்கு இறங்க ஆன நேரத்தையும், 40-இலிருந்து 30-க்கு ஆன நேரத்தையும் வீடியோவிலிருந்து எடுக்கவும். ஒரே ஓட்டத்தில் இடம் போதாவிட்டால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

6. அதே துண்டில் எதிர்த்திசையிலும் செய்து சராசரி எடுக்கவும். ஒவ்வொரு திசையிலும் குறைந்தது மூன்று முறை.

கணக்கு: எடையோடு சக்கரங்களின் சுழற்சிக்காக 3 சதவீதம் சேர்த்தால் 1,185 கிலோ. 10 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 2.78 மீட்டர். இரண்டையும் பெருக்கி நேரத்தால் வகுத்தால் விசை. 80-70-க்கு 10.7 நொடி ஆனால் 308 நியூட்டன். 40-30-க்கு 19.1 நொடி ஆனால் 172. டயர் தடை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே வித்தியாசம் 136 நியூட்டனும் காற்றுடையது. நடு வேகங்களான 75, 35 ஆகியவற்றை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றி வர்க்கம் எடுத்தால் 434, 94.5. வித்தியாசம் 339.5. 136-ஐ 339.5-ஆல் வகுத்து, இரண்டால் பெருக்கி, 1.15-ஆல் வகுத்தால் சுமார் 0.70. கெழுவும் பரப்பும் பெருகிய எண் அது. 2.1-ஆல் வகுத்தால் கெழு 0.33.

இதில் தவறு வரும் இடம் பெரும்பாலும் காற்று. தென்னை ஓலை நுனி அசைந்தாலே அன்றைய சோதனையை ஒத்திவைக்கலாம். எதிர்த்திசைச் சராசரி காற்றை முழுதாக நீக்காது. காரணம் மேலே சொன்ன அதே வர்க்கம். பக்கக் காற்று இருந்தால் இரண்டு திசையிலும் தடை கூடும், சராசரியில் மறையவே மறையாது. கிடைக்கும் எண்ணைக் கம்பெனி எண்ணோடு ஒப்பிடுவதை விட, கேரியர் போட்டும் கழற்றியும் இரண்டு எண்களை ஒப்பிடுவது பயனுள்ளது.

என்ன செய்யலாம், எந்த வரிசையில்

முதல் வேலை கூரையைக் காலி செய்வது. கூரைப் பெட்டியால் நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம், அதிவேகத்தில் 10 முதல் 25 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. அது முகம் மழுங்கிய பெரிய பெட்டிக்கான கணக்கு. கயிறு போட்டுக் கட்டிய மூட்டைகளும் அதே வகைதான். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஒரு வாரம் போட்ட கேரியர் அடுத்த ஆண்டு வரை கூரையிலேயே கிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். வெறும் கம்பிகளும் தடைதான்.

சீர்வரிசை மெத்தையைக் கூரையில் கட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு ஆள் படுக்கும் மெத்தை ஏறக்குறைய 1.6 சதுர மீட்டர். முன் விளிம்பு சற்றுத் தூக்கியிருந்தால் 80 கி.மீ. வேகத்தில் 23 கிலோ அளவுக்கும், மேலே சொன்ன எதிர்காற்றில் 40 கிலோ அளவுக்கும் மேலே தூக்கும். பக்கவாட்டில் மட்டும் கயிறு போட்டால் முன் விளிம்பு வளைந்து எழும்பும். எழும்ப எழும்ப விசை கூடும். முன் விளிம்பின் மேல் ஒரு பலகை வைத்து, அதிலிருந்து இரண்டு கயிறுகளைப் பானட்டுக்கு அடியில் உள்ள கொக்கிக்கு இறக்கிக் கட்டி, 50-க்கு மேல் போகாமல் ஓட்டவும். சின்ன யானை (டாடா ஏஸ் மினி லாரி) வாடகை அதிகமில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

இரண்டாவது, அடிப்பாகம். இன்ஜினுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் கவர் ஆயில் மாற்றும்போது கழற்றப்படும். திரும்ப மாட்டும்போது இரண்டு கிளிப் உடைந்திருக்கும். மிச்சத்தில் தொங்கவிட்டு அனுப்பிவிடுவார்கள். முதல் வாய்க்கால் மதகு மேட்டில் அது உரசிக் கிழியும், பிறகு யாரோ முழுதாகப் பிடுங்கிவிடுவார்கள். சர்வீஸ் விட்டு எடுத்ததும் தரையில் குனிந்து டார்ச் அடித்து கிளிப்புகளை எண்ணிப் பாருங்கள். கிளிப் விலை சொற்பம், கவர் அப்படியில்லை. அதற்குப் பதில் இரும்புத் தட்டு அடித்துப் போடுவதானால், சூடான காற்று வெளியேற கம்பெனி விட்டிருந்த துளைகளை விட்டே அடிக்க வேண்டும்.

அதேபோல் முன் டயர்களுக்கு முன்னால், பம்பருக்கு அடியில் தொங்கும் கறுப்புப் பட்டை. உரசுகிறது என்று வெட்டி எறிபவர்கள் அநேகம். டயரின் முகத்தில் மோதும் காற்றைச் சுற்றிவிடுவதுதான் அதன் வேலை, உரசினாலும் வளைந்துகொடுக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். அப்படியே விடவும்.

மூன்றாவது, கூலிங் வழி. குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்து கிரில்லை அட்டையால் அடைப்பது இங்கே இன்ஜினைக் கொதிக்கவைக்கும் வேலை. தேவைக்கேற்பத் தானே திறந்து மூடும் கிரில் உள்ள கார்களில் மோட்டார் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்கவும். குறுவை, சம்பா அறுவடை முடிந்ததும் ஏசி கண்டென்சரில் வைக்கோல் தூசும் பதரும் அடைந்திருக்கும். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவவும். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருங்கிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, பிறகு எந்தக் காற்றும் புகாது.

ஜன்னலா ஏசியா என்ற பழைய வழக்குக்கு: ஊருக்குள் ஜன்னல், 70-க்கு மேல் ஏசி. வீல் கப் தொலைந்திருந்தால் வாங்கி மாட்டவும். பம்பருக்கு முன்னால் போடும் இரும்புக் கார்டை 2017-லேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கூடாது என்று சொல்லிவிட்டது. தடையையும் அது கூட்டுகிறது. காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றிப் பேச்சே வேண்டாம். ஒவ்வொரு மதகிலும் வயிறு இடிக்கும் சாலைகளில் அதனால் கிடைக்கும் லாபம் ஒரு சைலன்சர் விலைக்குக் கூடக் காணாது.

பக்கக் காற்று

வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் நோக்கி வடக்கே வரும் சாலையில், இருபுறமும் வெட்டவெளி, மேற்குக் காற்று இடப்பக்கத்திலிருந்து தள்ளும். ஸ்டீயரிங்கைத் தன்னையறியாமல் சற்று இடப்பக்கம் பிடித்திருப்பீர்கள். முன்னால் வைக்கோல் லாரி, இரு பக்கமும் பிதுங்கிக்கொண்டு. அதை முந்தும்போது மூன்று விஷயங்கள் வரிசையாக நடக்கும். லாரியின் மறைவுக்குள் நுழைந்ததும் பக்கக் காற்று நின்றுவிடும். இடப்பக்கம் பிடித்த ஸ்டீயரிங் காரை லாரியை நோக்கி எடுத்துப் போகும். இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் காற்று நெருக்கி ஓடுவதால் அழுத்தம் குறைந்து, அதுவும் லாரிப் பக்கமே உறிஞ்சும். லாரியின் முகத்தைத் தாண்டும் நொடியில், அது தள்ளிக்கொண்டு வரும் காற்றும் மேற்குக் காற்றும் சேர்ந்து காரை வலப்பக்கம் அடிக்கும்.

ஆகவே பக்கவாட்டில் ஒன்றரை மீட்டராவது இடைவெளி, இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில், நுழையும்போது பிடியைத் தளர்த்தி, வெளியேறும்போது எதிர்பார்த்துக்கொண்டு பிடிக்க வேண்டும். வெடுக்கென்று திருப்பக் கூடாது. உயரமான வேன்களிலும் கூரையில் சுமை ஏற்றிய கார்களிலும் இது இரட்டிப்பு. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறும் நாட்களில் தெற்கே போகிறவர்களுக்கு இதே கதை. கொள்ளிடம் பாலத்தில் கைப்பிடிச் சுவர் முடியும் இடத்திலும் ஒரு தள்ளு காத்திருக்கும்.

பெரிய வண்டியின் பின்னால் ஒட்டிப் போனால் தடை குறையும் என்பது உண்மையே. பலன் தெரியும் தூரத்தில் பிரேக் பிடிக்க இடம் இருக்காது.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு

பெட்ரோல் இன்ஜின் எரிபொருளில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குவதால் காற்றின் பங்கு அதில் அமுங்கிவிடும். மின்சாரக் காரில் வீணாவது குறைவு, காற்றுத்தடை அப்படியே ரேஞ்சில் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) தெரியும். நம் ஹேட்ச்பேக்கின் அளவும் கெழுவும், 30 கிலோவாட் மணி பயன்படும் பேட்டரி, ஏசிக்கு 1 கிலோவாட், மோட்டார் வரையிலான இழப்பு 15 சதவீதம், டயர் தடை 140 நியூட்டன் என்று வைத்துக் கணக்கிட்டால், காற்றில்லாத நாளில் 80-இல் சுமார் 245 கி.மீ., 100-இல் சுமார் 190 கி.மீ. 25 கி.மீ. எதிர்காற்றில் 80-இல் போனால் சுமார் 178. எதிர்காற்றில் 80 என்பது அமைதியான நாளின் 100-ஐ விடச் செலவாளி.

திருச்சி – நாகப்பட்டினம் ஏறக்குறைய 140 கி.மீ. 100-இல் போவதற்கும் 80-இல் போவதற்கும் இடையே மிச்சமாகும் நேரம் சுமார் 20 நிமிடம். ஆடியில் கிழக்கே போகும்போது டேஷ்போர்டு காட்டும் மீதி ரேஞ்சை நம்பி நாகையில் சார்ஜ் போடாமல் திரும்ப வேண்டாம். அந்த எண் முதுகுக் காற்றில் ஓடிய செலவை வைத்துச் சொல்லப்பட்டது. நாகையில் முழுதாக ஏற்றி, திரும்பும் வழியில் 70 முதல் 75-க்குள் வைத்து, தஞ்சாவூரைத் தாண்டும்போது மீதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். 35 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அங்கேயே ஒரு தேநீர் நேரம் சார்ஜரில் நிறுத்திவிடுவது நல்லது; திருச்சி வரை இன்னும் 55 கி.மீ. சொச்சம், முழுக்க எதிர்காற்று.